பரீட்சை முடியட்டும், வருகிறோம்

இவ்வாண்டு நோன்புப் பெருநாள் மார்ச் 20ஐ ஒட்டி வந்தது. பத்தாம் வகுப்பிற்கும் பன்னிரண்டாம் வகுப்பிற்கும் பொதுத் தேர்வு நடக்கும் மாதம் அது. தொழுகை முடிந்து, ஒருவரையொருவர் தழுவி, வீட்டிற்கு வந்து வட்டலப்பம் உண்டு முடிப்பதற்குள் பிள்ளைகள் புத்தகத்தின் முன் அமர்ந்துவிட்டனர். வெளியூர் உறவினர்களுக்குத் தொலைபேசியில் ஸலாம் சொன்னோம். "பிள்ளைகளுக்குப் பரீட்சை. முடியட்டும், வருகிறோம்" என்றோம். அவர்களும் அதையே சொன்னார்கள். யாரும் யாரையும் குறையாக எண்ணவில்லை.

நானும் அப்படித்தான் சொன்னேன், என் மாமியிடம். வாப்பாவின் மூத்த சகோதரி அவர். சொல்லி முடித்து அலைபேசியை வைத்த பிறகு மனம் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தது.

சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே நம் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் சற்று முன்னே நகர்ந்து, எல்லாப் பருவங்களையும் சுற்றிவிட்டு, சுமார் 33 ஆண்டுகளில் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருகிறது. 2026லிருந்து 33ஐக் கழித்தால் 1993. அவ்வாண்டும் நோன்புப் பெருநாள் மார்ச் இறுதியில்தான் வந்தது. எனக்கு அப்போது 13 வயது. முழு ஆண்டுத் தேர்வு கண்முன் நின்றது. ஆயினும் பெருநாளுக்கு மறுநாள் சுப்ஹு தொழுத கையோடு வாப்பா எங்களைக் கிளப்பிவிட்டார். எங்கள் ஊரிலிருந்து இராமநாதபுரத்திற்கு ஒரு பேருந்து, அங்கிருந்து சாயல்குடிக்கு ஒன்று, அதன்பின் மாமியின் சிற்றூருக்கு மற்றொன்று. கடைசிப் பேருந்தில் இடமில்லாமல் நின்றுகொண்டே போனோம். உம்மா கணக்குப் புத்தகத்தைப் பையில் வைத்து எடுத்துவந்திருந்தார். மாமி வீட்டில் இருந்த இரண்டு நாளும் அந்தப் பை அவிழ்க்கப்படவில்லை. தேர்வில் கணக்கில் எத்தனை வாங்கினேன் என்பது இப்போது நினைவில் இல்லை. மாமி பனையோலைப் பட்டையில் ஊற்றித் தந்த பதநீரின் மணம் மட்டும் நினைவில் இருக்கிறது.

அதன் பிறகு பெருநாள் பருவம் மாறி மாறி வந்தது. 1998, 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் ஜனவரியில் வந்தது. அப்போது மாமி வீட்டில் அவித்த பனங்கிழங்கு காத்திருக்கும். 2003 முதல் 2005 வரை நவம்பரில் வந்தது. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிறைந்து, சாலை எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியாத நாளிலும் வாப்பா போய்வந்தார். ஒருமுறை முழங்கால் வரை சேற்றோடு திரும்பியவரைப் பார்த்து உம்மா கடிந்துகொண்டது இன்னும் காதில் இருக்கிறது. "எனக்கு ஒரு ராத்தாதானே" என்றார் வாப்பா. அதற்குமேல் அவர் பேசவில்லை.

ஆகவே பரீட்சை அன்றும் இருந்தது. தொலைவும் இருந்தது. காசு இன்றைக்கு இருப்பதைவிடக் குறைவாகவே இருந்தது. இன்றோ பெரும்பாலான வீடுகளில் இருசக்கர வாகனம் நிற்கிறது, சிலர் வீட்டில் காரும் நிற்கிறது. பிள்ளைகளின் படிப்பை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவனைத் தேர்வுக்கு முந்தைய நாள் பேருந்தில் ஏற்றச் சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிவும் இல்லை. ஆனால் ஏப்ரல் வருகிறது, மே வருகிறது, பள்ளிகள் மூடப்படுகின்றன. அப்போதும் நாம் போவதில்லையே! ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறோம். இயன்றவர் உம்ராவுக்குப் போகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். சாயல்குடிக்கு மட்டும் வழி மறந்துவிடுகிறது.

நம்மில் பலருக்கு உறவு ஒரு மொய்க் கணக்காகிவிட்டது. "சென்ற பெருநாளுக்கு நாம் போனோம், இம்முறை அவர்கள் வரட்டும்" என்கிறோம். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் இந்தக் கணக்கை ஒரே சொல்லில் அழித்துவிட்டார்கள். வந்ததற்குப் பதில் போகிறவர் உறவைப் பேணியவராக மாட்டார். தன்னை வெட்டிவிட்டவரிடம் சென்று ஒட்டிக்கொள்பவரே உறவைப் பேணியவர் என்பது புகாரியில் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்து. இதை நாம் பயான்களில் நூறு முறை கேட்டிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் நம்மை வெட்டியவர் யார் என்றுதான் மனம் தேடுகிறது. வெட்டியவர் நாமாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் எழுவதில்லை.

என் விஷயத்தில் அது நானாகவே இருந்தேன். அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

மதரஸாவில் பெண்பிள்ளைகள் வகுப்பிற்கு வாரிசுரிமைப் பாடமான ஃபராயிளை நான் நடத்துகிறேன். சென்ற ஆண்டு ஒருநாள் கரும்பலகையில் எளிய கணக்கொன்றை எழுதினேன். ஒருவர் இரண்டு மகன்களையும் ஒரு மகளையும் விட்டு இறந்தார். வேறு வாரிசு இல்லை. சொத்தை ஐந்தாகப் பகுத்து, மகன்களுக்கு இரண்டிரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. அந்-நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனம். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் கையை உயர்த்தி, "ஹஜ்ரத், உங்க வீட்டுல இப்படித்தான் பிரிச்சாங்களா?" என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

நான் அடுத்த கணக்கிற்குப் போய்விட்டேன்.

கரும்பலகையில் நான் எழுதியிருந்தது என் பாட்டனாரின் கணக்கேதான். இரண்டு மகன்கள், ஒரு மகள். வாப்பா, சாச்சா, மாமி. பாட்டனார் விட்டுச்சென்றது ஊரில் இருக்கும் பெரிய வீடு. அதை யாரும் பிரிக்கவில்லை. வாப்பாவும் சாச்சாவும் அதில் இருந்தார்கள். மாமி திருமணமாகி வெளியூரில் இருந்தார். வாப்பா ஆண்டுதோறும் சேலையும் பெருநாள் காசும் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் மனத்தில் அது பங்கிற்கு ஈடாக இருந்ததா, அல்லது வெறும் பாசமா என்பதை நான் கேட்டதில்லை. 2009இல் அவர் மவுத்தானார். அல்லாஹ் அவரை மன்னித்தருள்வானாக!

2019இல் சாச்சா வீட்டைப் புதுப்பிக்க வங்கிக் கடன் கேட்டார். பட்டா மாற்றவேண்டி வந்தது. மாமியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கவேண்டும் என்றார்கள். அந்த ஆண்டு பெருநாள் ஜூன் முதல் வாரம். நாங்கள் குடும்பத்தோடு மாமி வீட்டிற்குப் போயிருந்தோம். அங்கு வைத்தே செய்தியைச் சொன்னோம். மாமி, "எனக்கு எதுக்கு வீடு? நீங்க நல்லா இருந்தாப் போதும்" என்றார். அந்த மாத இறுதியில் பத்திரப் பதிவு அலுவலகத்திற்கு அழைத்து வந்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்திட்டார். இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒரு சாட்சி நான்.

ஃபராயிள் பாடம் நடத்துகிறவன், ஒரு பெண்ணின் பங்கு இல்லாமல் போவதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அன்று அது எனக்கு உறைக்கவில்லை. "மாமி சந்தோஷமாகத்தானே கொடுத்தார்" என்று சொல்லிக்கொண்டோம். வீடு சரிபாதியாயிற்று. ஒரு பாதி சாச்சாவிற்கு, மறுபாதி எங்களுக்கு.

மாமி மனமுவந்து கொடுத்திருந்தால் அது செல்லும். அவருடைய பொருள், அவருடைய உரிமை. ஆனால் அவர் கையில் பங்கை முதலில் வைத்தது யார்? "இந்த வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு உங்களுடையது, இதன் இன்றைய மதிப்பு இவ்வளவு, வேண்டுமா வேண்டாமா?" என்று கேட்டது யார்? பெருநாள் விருந்திற்கு நடுவே, தம்பியும் தம்பி மக்களும் சூழ அமர்ந்து கேட்கும்போது எந்தச் சகோதரி வேண்டும் என்பாள்? வேண்டும் என்றால் தாய்வீட்டுக் கதவு மூடிவிடும் என்ற அச்சத்தை நம் பெண்களுக்கு நாமே பழக்கி வைத்திருக்கிறோம். வெட்கப்பட வைத்துப் பெறும் சம்மதம் சம்மதமே ஆகாது என்பதை நானே வகுப்பில் சொல்லித்தருகிறேன்.

திருமணத்தின்போது நகையும் சீரும் கொடுத்தோமே என்று சிலர் வாதிடுவர். தந்தை உயிரோடு இருந்தபோது மகிழ்ந்து கொடுத்தது வேறு, அவர் விட்டுச்சென்றதில் அல்லாஹ் வைத்த பங்கு வேறு. குறைவோ நிறைவோ ஆணுக்கும் பங்கு, பெண்ணுக்கும் பங்கு என்று அதே அத்தியாயத்தின் 7ஆம் வசனம் கூறுகிறது. பங்குகளைச் சொல்லி முடித்த பின் இவை அல்லாஹ்வின் வரம்புகள் என்று 13ஆம் வசனம் அறிவிக்கிறது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தில் யாரும் கைவைக்கக்கூடாது என்று மஹல்லாதோறும் கையெழுத்து வாங்குகிறோம், வாங்கவும் வேண்டும். அதே கையால் சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்குகிறோம்.

அந்தப் பத்திரத்திற்குப் பிறகு மாமி எங்கள் ஊருக்கு வரவே இல்லை. சண்டை எதுவும் இல்லை. மூட்டுவலி என்றார். நாங்களும் போகவில்லை. 2020இல் ஊரடங்கு, பெருநாள் தொழுகையையே வீட்டில்தான் தொழுதோம். காணொளி அழைப்பில் முகம் பார்த்துக்கொண்டோம். அது நல்ல சாக்காக அமைந்துவிட்டது. ஊரடங்கு போன பின்னும் நாங்கள் அழைப்போடே நின்றுவிட்டோம். பிறகு பரீட்சை வந்து சேர்ந்தது. மாமியின் முகத்தை நேரில் பார்க்க எங்களால் முடியவில்லை என்பதே உண்மை. அதற்குப் 'பரீட்சை' என்று பெயர் வைத்தோம்.

எல்லா வீட்டிலும் சொத்துதான் காரணம் என்று நான் கூறவில்லை. சம்பந்தம் பேசி முறிந்தது, விருந்தில் இலை போடத் தவறியது, சபரில் இருந்து வந்தவர் ஒரு வீட்டிற்கு மட்டும் சாமான் கொடுத்தது என்று எத்தனையோ உண்டு. இவற்றுள் பல ஒரு ஸலாமில் தீர்ந்துவிடும். இவற்றைவிடப் பெரிய காயம் பட்டவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்கள். தம் உறவினர் மிஸ்தஹுக்கு வாழ்வாதாரமே அவர்கள் கொடுத்த உதவிதான். அந்த மிஸ்தஹ், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது பரப்பப்பட்ட அவதூறில் பங்குகொண்டார். இனி ஒன்றும் கொடுப்பதில்லை என்று அபூபக்ர் (ரலி) ஆணையிட்டார்கள். எந்தத் தந்தையும் ஆணையிடுவார். அப்போதும் அந்-நூர் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் இறங்கி, மன்னிக்கச் சொன்னது. அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா என்ற கருத்தில் வினவியது. அவர்கள் உதவியைத் திரும்பவும் தொடங்கினார்கள்.

அங்கே காயம்பட்டவர் கொடுத்தார். என் வீட்டில் காயம்பட்டவர் மாமி, கொடுக்கவேண்டியவர்கள் நாங்கள். ஆகவே எங்களுக்கு எளிதாக அல்லவா இருக்கவேண்டும்! ஜும்ஆ குத்பாவின் இறுதியில் ஓதப்படும் அந்-நஹ்ல் அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தில் நீதிக்கும் நன்மைக்கும் அடுத்து மூன்றாவதாக வருவது உறவினருக்குக் கொடுப்பது. வாரந்தோறும் காதில் விழுகிறது. தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது அது உதிர்ந்துபோகிறது.

இப்போது என்ன செய்வது? கணக்கு கடினமானதன்று. ஐந்தில் ஒரு பங்கை இரு வீட்டாரும் பாதி பாதியாக எடுத்துக்கொண்டோம். எங்கள் பக்கம் திருப்பித் தரவேண்டியது மொத்த வீட்டின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு. அதைத் தம்பியிடம் சொன்னேன். "பத்திரம் பதிவாகிவிட்டது, மாமியே கேட்கவில்லை, நீ ஏன் கிளறுகிறாய்?" என்றான். தங்கை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் பங்கிற்கு வருவதைத் தருவதாகச் சொன்னாள். பெண்ணுக்குப் பெண்ணின் நிலை தெரிகிறது. எனக்கு உரியதை நான் ஒரே தவணையில் கொடுக்க இயலாது. மதரஸா ஆசிரியரின் சம்பளம் வாசகர்கள் அறிந்ததே. ஆனால் தொடங்கலாம். மாமி வாங்கமாட்டேன் என்று சொல்லக்கூடும். அப்படியானால் கையில் வைத்த பிறகு சொல்லட்டும். அப்போதுதான் அது அவருடைய சொல்.

ஹஜ்ஜுப் பெருநாள் இவ்வாண்டு மே மாத இறுதி வாரத்தில் வருகிறது. பள்ளிகள் திறந்திருக்காது. இந்த முறை பரீட்சையைச் சொல்ல முடியாது. சென்ற வாரம் மாமிக்கு அழைத்துச் சொன்னேன்.

"வாங்க மவனே. நுங்கு கெடக்கும்போதே வாங்க" என்றார். பிறகு, "சேலை கீலைன்னு எதையும் தூக்கிட்டு வராதே. பொட்டியில இருக்கிறதையே உடுத்த ஆளில்ல" என்றார்.

"சேலை இல்ல மாமி. உங்களோடது ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. அதைக் கொண்டாறேன்" என்றேன்.

மறுமுனையில் சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"எத்தனை பேரு வர்றீங்க?" என்று கேட்டார். "மரம் ஏறுற ஆளுக்கு முன்கூட்டியே சொல்லணும்."

ஐந்து பேர் என்று சொல்லியிருக்கிறேன். சாச்சாவையும் அழைத்திருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.