முறை வரும் என்னும் நம்பிக்கை

இக்காலத்தில் மரியாதை குறைந்துவிட்டது என்பது மூத்தோர் பலரின் மனக்குறை. பேருந்தில் முண்டியடித்து ஏறுவதும் வரிசையின் நடுவே புகுவதும் அன்றாடக் காட்சிகளாகிவிட்டன. இவற்றைச் சிறு குறைகளென நாம் ஒதுக்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுக்கத்தக்கவை அல்ல என்பதைச் சாந்த்ராகாச்சி உணர்த்துகிறது.

கொல்கத்தாவை அடுத்து, ஹூக்ளி ஆற்றுக்கு அப்பால் ஹவுரா மாவட்டத்தில் உள்ள இந்த ரயில் நிலையம் தமிழகப் பயணிகளுக்கும் அறிமுகமானதே. 2018 அக்டோபர் 23 மாலை, நாகர்கோவில்–ஷாலிமார் விரைவு ரயிலும் இரண்டு புறநகர் ரயில்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அங்கு வந்தன. சென்னை ரயில் உள்ளிட்ட வேறு சிலவும் வரவிருந்தன. இறங்கியவர்களும் ஏற விரைந்தவர்களும் நடைமேம்பாலத்தில் நெருக்குண்டனர். இருவர் உயிரிழந்தனர், பத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அதற்கு முந்தைய ஆண்டு, மும்பை எல்பின்ஸ்டன் சாலை நிலையத்தின் நடைமேம்பாலப் படிக்கட்டில் 23 பேரைப் பலிகொண்டதும் இத்தகைய நெரிசலே.

நெரிசலில் சிக்கியவர்களைப் பண்பற்றோர் எனப் பழிப்பது அநீதி. பாலம் குறுகலாக இருந்து, ரயில்கள் ஒருங்கே வரும்போது, நின்றால் ரயில் போய்விடும் என்ற அச்சம் எவரையும் ஓடச் செய்யும். பண்பு அழிவது தீய குணத்தால் மட்டுமன்று. 'என் முறை வராது' என்ற ஐயத்தாலும் அழிகிறது.

இதற்குச் சான்று வங்கிக் கிளையிலேயே உண்டு. முன்பு பணம் பெறும் சாளரத்தின் முன் தோளோடு தோள் இடித்து நின்ற மக்களே, கையில் டோக்கன் வந்ததும் இருக்கையில் அமைதியாக அமர்கின்றனர். மனிதர்கள் மாறவில்லை, நம்பிக்கை பிறந்தது. ஆகவே உரிய நேரத்து அறிவிப்பும் போதிய அகலமுள்ள பாதையும் நிறுவனங்கள் மக்களுக்குக் காட்டவேண்டிய மரியாதையாகும்.

எனினும், எல்லாவற்றையும் நிறுவனங்களின் மீதே சுமத்திவிட முடியாது. எத்துணை நல்ல ஏற்பாட்டையும் வரிசையைக் குலைக்கும் ஒருவரால் கெடுத்துவிட இயலும். அவரைக் கண்டு பின்னிருப்போரும் நம்பிக்கை இழக்கின்றனர். வள்ளுவர் பண்புடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அப்பண்பு இன்று நம்மிடம் கேட்பது மிகச் சிறிது: இறங்குவோர் இறங்கிய பின் ஏறுதல், முதியோருக்கு வழிவிடுதல், தம் முறைக்குக் காத்திருத்தல். நாம் விட்டுக்கொடுக்கும் சில நொடிகள், முன்னால் செல்பவரின் உயிருக்கே காவலாகக்கூடும்.