பதினொன்றேகால் மணிக்குப் பிறகு

2025 மார்ச் இறுதியில் வந்த ஆணை எல்லோருக்கும் நினைவிருக்கும். வெயில் கடுமை, அதனால் மகாராஷ்டிரம் முழுவதும் பள்ளிகள் காலை ஏழு மணிக்கே தொடங்க வேண்டும், தொடக்கப் பள்ளிகள் 11.15-க்கும் உயர்நிலைப் பள்ளிகள் 11.45-க்கும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 16 அன்று புதிய பாடத்திட்டத்துக்கான அரசாணை வந்தது. அதன்படி ஆறாம் வகுப்பு 2026–27-லும் ஏழாம் வகுப்பு 2027–28-லும் புதிய முறைக்கு மாறவிருந்தன. ஒன்று நேர அட்டவணை, மற்றொன்று பாடப்புத்தகம் என்று நிர்வாகம் இவற்றைத் தனித்தனிக் கோப்புகளில் வைத்திருக்கும். மும்பையில் நடுநிலை வகுப்புகளில் தமிழ்வழியில் அறிவியல் நடத்தும் நமக்கு இரண்டும் ஒரே பாடம். இரண்டின் மீதும் நம் நிலை என்ன என்று பல ஆசிரியர்கள் கேட்டிருந்தீர்கள்.

முதலில் புத்தகம். நமக்கு வரப்போவது என்சிஇஆர்டி-யின் ‘க்யூரியாசிட்டி’ அறிவியல் புத்தகத்தை ஒட்டி இருக்கும் என்று எடுத்துக்கொண்டால், ஆறாம் வகுப்பில் வெப்பநிலையும் அதை அளப்பதும், ஏழாம் வகுப்பில் இயற்கையில் வெப்பம் இடம் மாறுவது. கடத்தல், சலனம், கதிர்வீச்சு மூன்றையும் கரண்டியோடும் கொதிக்கும் பாத்திரத்தோடும் நிறுத்திவிடாமல் கடற்காற்று, நிலக்காற்று, நீர்ச்சுழற்சி வரை கொண்டுபோயிருக்கிறார்கள். மும்பைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமாக எழுத முடியாது. வரவேற்கிறோம்.

தயக்கம் வேறு இடத்தில். வெப்பநிலையை ஓர் ஆண்டிலும் வெப்பத்தை அடுத்த ஆண்டிலும் வைத்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எந்த ஆண்டின் பாடம்? தமிழ்நாட்டின் ஏழாம் வகுப்புப் புத்தகம் ‘வெப்பம் மற்றும் வெப்பநிலை’ என்று இரண்டையும் ஒரே தலைப்பில் சேர்த்து வைத்திருக்கிறது. சேர்த்து வைத்தால் மட்டும் புரிந்துவிடாது. ஆனால் ஆசிரியர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஃபாரன்ஹீட் பாதரசத் தெர்மாமீட்டரைச் செய்தது 1714-ல். வெப்பத்தின் அளவு வேறு, வெப்பநிலை வேறு என்று ஜோசப் பிளாக் தெளிவாகப் பிரித்துக் காட்டியது 1760-களில். கையில் கருவியை வைத்துக்கொண்டே அறிஞர்கள் அரை நூற்றாண்டு தடுமாறிய ஒன்றை, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு வரையறையைப் பார்த்து எழுதிக் கற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நம் பிள்ளைகளுக்குச் சொற்களாலும் ஒரு சிக்கல் உண்டு. இந்திப் புத்தகத்தில் ‘தாப்’ என்றால் வெப்பநிலை. மராத்தி பேசும் பக்கத்து வீட்டில் ‘தாப்’ என்றால் காய்ச்சல். நம் வீட்டிலோ எல்லாமே சூடு. காப்பி சூடு, கருவாடு உடம்புக்குச் சூடு, கோபத்தில் பேசினாலும் சூடு. இந்தச் சொற்களைத் தவறென்று தள்ளாமல், ‘எந்தச் சூட்டைச் சொல்கிறாய்?’ என்று கேட்பதில்தான் பாடம் தொடங்குகிறது.

அந்தக் கேள்விக்கு நம் பகுதியில் கூரையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அரை மில்லிமீட்டர் தகரத்தில் ஒரு சதுர மீட்டர் எடுத்தால் சுமார் நான்கு கிலோ. பத்து செ.மீ. கான்கிரீட் தளத்தில் ஒரு சதுர மீட்டர் சுமார் 240 கிலோ. தன் வெப்ப ஏற்புத்திறனால் பெருக்கிப் பாருங்கள். தகரத்தின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த இரண்டு கிலோஜூலுக்கும் குறைவு. கான்கிரீட்டுக்கு இருநூறுக்கும் மேல். நூறு மடங்கைத் தாண்டிய வித்தியாசம். அதனால்தான் நண்பகல் வெயிலில் தகரத்தில் கை வைக்க முடிவதில்லை, பொழுது சாய்ந்ததும் அது ஆறிவிடுகிறது. செம்பூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களைக் கேளுங்கள். இரவு பத்து மணிக்குத்தான் மின்விசிறி அனல் காற்றை இறக்கத் தொடங்கும் என்பார்கள். பகல் ஒரு மணிக்கு எதற்கு வெப்பநிலை அதிகம், இரவு பத்து மணிக்கு எது அதிக வெப்பத்தைத் தந்துகொண்டிருக்கிறது என்று இரண்டு கேள்வி கேட்டால் வெப்பநிலையும் வெப்ப ஆற்றலும் தாமாகவே பிரிந்து நிற்கும். சூத்திரம் எட்டாம் வகுப்புக்கு மேல் வரட்டும்.

இதை நான் ஒரு மாணவியிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். தாராவியில் தமிழ்வழி ஏழாம் வகுப்பு. மார்ச் மாதம். வகுப்புக்கு இருந்த சில ஸ்பிரிட் தெர்மாமீட்டர்களை முறை வைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, மதியம் நிழலில் தொங்கவிட்டுக் குறித்துவரச் சொல்லியிருந்தேன். அவள் வீடு பத்ரா எனும் தகரக் கூரைக்குக் கீழே, ஏணியில் ஏறிப் போகும் மாடி அறை. அளவைக் குறித்து வந்தவள் நோட்டை நீட்டாமலே நின்றாள். “டீச்சர், இது பொய் சொல்லுது. காத்து சுடல. தலைதான் சுடுது.”

கருவியைத் திரும்பப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருப்பேன். ‘தலைதான்’ என்ற சொல் நிறுத்திவிட்டது. தெர்மாமீட்டர் காற்றைச் சொல்கிறது, அவள் கூரையைச் சொல்கிறாள். இருவரும் உண்மையே சொல்கிறார்கள். அடுத்த நாள் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தில் துளையிட்டுக் கறுப்புப் பெயின்ட் அடித்து, இன்னொரு தெர்மாமீட்டரின் குமிழ் பந்தின் நடுவில் இருக்கும்படி செருகிக் கொடுத்தேன். இரண்டையும் ஒரே கயிற்றில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டாள். பந்துக்குள் இருந்தது பல டிகிரி மேலே போய் நின்றது. நான் சொல்லாததையும் செய்திருந்தாள். அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துக் கூரைக்கும் பந்துக்கும் நடுவில் பிடித்திருக்கிறாள். பந்தின் அளவு இறங்கியிருக்கிறது, மற்றது கிட்டத்தட்ட அப்படியே இருந்திருக்கிறது. நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி கோடு போட்டு, ‘அட்டை புடிச்சா’ என்று தலைப்பு எழுதியிருந்தாள். கதிர்வீச்சைப் பற்றி அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான் விளக்க வேண்டியிருந்தது மிகக் கொஞ்சம்.

இப்போது அந்த முதல் ஆணையை எடுத்துப் படியுங்கள். வெயிலிலிருந்து காப்பாற்றுவதற்காகப் பிள்ளைகளைப் பதினொன்றேகாலுக்கு வெளியே அனுப்புகிறது. எங்கே அனுப்புகிறது?

கான்கிரீட் தளமும் உயரமான கூரையும் இரு பக்க ஜன்னலும் மின்விசிறியும் குடிநீரும் உள்ள ஒரு கட்டடத்திலிருந்து, பகல் ஒரு மணி வாக்கில் உச்சியைத் தொடப்போகும் தகரத்தின் கீழே அனுப்புகிறது. தாராவியில் பல பிள்ளைகளுக்கு நண்பகலில் கிடைக்கும் ஆகக் குளிர்ந்த இடம் அவர்களுடைய வகுப்பறைதான். தரைத்தள வகுப்பறை என்றால் சந்தேகமே இல்லை. அந்த இடத்தைப் பூட்டிவிட்டுப் பிள்ளையைப் பாதுகாத்ததாகக் கணக்கு எழுதுகிறோம். அம்மா வீட்டு வேலைக்குப் போயிருப்பாள், அப்பா பட்டறையில் இருப்பார். பத்து வயதுக்காரி ஆறு வயதுத் தம்பியை வைத்துக்கொண்டு மாடி அறையில் நான்கு மணி வரை உட்கார்ந்திருப்பாள். ரயில் பாதையைத் தாண்டினால் மாட்டுங்காவில் மரநிழல் இருக்கிறது. அங்குள்ள பிள்ளைக்கு இந்த ஆணை உதவியிருக்கலாம். ஆணை எழுதியவர்கள் மனதில் இருந்த வீடு அந்த வீடுதான்.

எந்த எண்ணைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். மும்பையின் வெப்பநிலை என்று நாம் நாளிதழில் படிப்பது சாந்தாக்ரூஸ், கொலாபா நிலையங்களின் அளவு. வெள்ளையடித்த மரச்சட்டப் பெட்டிக்குள், நேர்வெயிலும் தரையின் கதிர்வீச்சும் படாதபடி வைத்த தெர்மாமீட்டர் அதைக் காட்டுகிறது. காற்றின் வெப்பநிலையை அளக்க அதுதான் சரியான முறை. நாம் வகுப்பில் அப்படித்தான் சொல்லித்தருகிறோம். ஆனால் கதிர்வீச்சை வேண்டுமென்றே விலக்கிய அளவை வைத்துக்கொண்டு, கதிர்வீச்சில் வேகும் பிள்ளையின் நாளைத் திட்டமிட்டால் அது வெப்பநிலையை வெப்பம் என்று எடுத்துக்கொண்ட பிழை. ஏழாம் வகுப்பு விடைத்தாளில் அதற்கு நாம் மதிப்பெண் குறைப்போம்.

இன்னொன்று. கடற்கரை நகரங்களில் 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை என்கிறது வானிலைத் துறை. சமவெளியில் அந்த எல்லை 40. ஈரக்காற்றில் வியர்வை ஆவியாவது குறையும், உடல் வெப்பத்தை இழப்பது கடினமாகும்; அதனால் கடற்கரைக்குத் தனி எல்லை இருப்பது பொருத்தமே. பள்ளிக் கல்வித்துறையோ சந்திரபூரின் வறண்ட அனலுக்கும் மும்பையின் புழுக்கத்துக்கும் ஒரே மணி அடித்தது. மும்பையில் இரண்டு ஷிஃப்டில் ஓடும் பள்ளிகள் எத்தனை என்று துறைக்குத் தெரியாதா? பிற்பகல் ஷிஃப்ட் பிள்ளைகளைக் காலையில் எங்கே உட்கார வைப்பது? அதே ஏப்ரலில் 8-ஆம் தேதி முதல் 25-ஆம் தேதி வரை தேர்வும் வைத்தார்கள். வகுப்பறையில் இருக்க முடியாத வெயில், தேர்வு எழுதுவதற்கு மட்டும் தாங்கக்கூடியதாகிவிட்டதா?

இதை நான் இந்த ஆண்டு புதிதாகச் சொல்லவில்லை. கடும் வெயில் நாட்களில் பாடம் நடத்த வேண்டாம், மாலை நான்கு மணி வரை தரைத்தள அறைகளையும் குடிநீரையும் கழிப்பறையையும் திறந்து மட்டும் வையுங்கள் என்று ஓர் அலுவலகத்துக்கு மூன்று கோடைகளில் மூன்று முறை எழுதினேன். பிள்ளைகளின் நோட்டுகளிலிருந்து அளவுகளைப் படியெடுத்து இணைத்திருந்தேன். இரண்டு கடிதத்துக்குப் பதிலே இல்லை. மூன்றாவதற்கு, பரிசீலனையில் இருப்பதாக ஒரு வரி. காவலர் ஒருவர், சுழற்சியில் இரண்டு ஆசிரியர்கள், நான்கு மணி நேர மின்சாரம்: கேட்டது இவ்வளவுதான். மாநகராட்சியே 2022 மார்ச்சில் வெளியிட்ட பருவநிலைச் செயல்திட்டம், உலோகக் கூரைக் குடியிருப்புகளின் மேற்பரப்பு சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதைச் செயற்கைக்கோள் அளவுகளை வைத்துச் சொல்கிறது. தங்களிடமே இருக்கும் அறிக்கையைப் படித்துப் பார்க்கும்படி நாம் எத்தனை முறை மன்றாடுவது? செயற்கைக்கோள் பார்த்த கூரையின் கீழே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வருகைப் பதிவேடு சொல்லும். அது எங்கள் கையில்தான் இருக்கிறது. எங்களை யாரும் கேட்கவில்லை.

புத்தகக் குழுவுக்கும் நம் கோரிக்கை இதிலிருந்தே வருகிறது. ஏழாம் வகுப்பு அத்தியாயம் மராத்தியிலும் மற்றப் பயிற்றுமொழிகளிலும் உருவாகும்போது கடற்காற்று இருக்கட்டும். கூரையும் இருக்க வேண்டும். நீர்ச்சுழற்சியைப் படம் வரைந்து பாகம் குறிக்கலாம். கூரையைப் பிள்ளை அளக்க முடியும்.

அளப்பதற்குக் கருவி? பாதரசம் வேண்டாம் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரச மாசால் 2001-ல் மூடப்பட்டது; அதன் முன்னாள் தொழிலாளர்களுக்கு ஓர் இழப்பீட்டு உடன்பாடு வர 2016 ஆயிற்று. தமிழ்வழியில் நடத்தும் நம்மில் எவரும் அதை மறந்து பாதரசத்துக்காக வாதாட மாட்டோம். ஸ்பிரிட் தெர்மாமீட்டர் போதும், ஐந்து பிள்ளைகளுக்கு ஒன்று. கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்தபோது வாங்கிய, நெற்றியை அளக்கும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் ‘துப்பாக்கிகள்’ பல பள்ளிகளின் அலமாரியில் தூங்குகின்றன. பல மாதிரிகளில் ‘சர்ஃபேஸ்’ என்றொரு நிலை உண்டு. பொத்தானை அதற்கு மாற்றிக் கூரையை அளக்கலாம். ஒரு எச்சரிக்கை: பளபளக்கும் தகரத்தை நேராக அளந்தால் எண் குறைத்துக் காட்டும், ஏனென்றால் அது கதிர்வீசுவது குறைவு, பிரதிபலிப்பது அதிகம். எலக்ட்ரீஷியன் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அது தகரத்தோடு சேர்ந்து சூடேறிய பிறகு டேப்பின் மேல் குறி பார்க்கவும். அந்த இரண்டு எண்களுக்கும் ஏன் வேறுபாடு என்று பிள்ளைகளையே கேளுங்கள். ஒரு பாடவேளை அதற்கே போகும், போகட்டும்.

2025-ல் மே 26-லேயே பருவமழை மும்பைக்கு வந்துவிட்டது. ஜூனில் பள்ளி திறக்கும்போது கூரைகளில் தார்ப்பாய் விரித்திருப்பார்கள், மார்ச் ஆணை கோப்புக்குள் போயிருக்கும். ஆனால் அக்டோபர் வெயில் வரும். தீபாவளி விடுமுறைக்கு முன் இரண்டு வாரம் கிடைக்கிறது. பந்து ஒன்று, கறுப்புப் பெயின்ட், தெர்மாமீட்டர் இரண்டு, ஓர் அட்டைப்பெட்டி என்று இரண்டு தொகுப்பு; ஒரே நாளில் ஒரே நேரத்தில் வகுப்பறையிலும் மாணவர் ஒருவரின் வீட்டிலும் தொங்கவிடுங்கள். நோட்டில் நேரம், காற்று, பந்து, அட்டை பிடித்தபோது பந்து, கூரை எந்த வகை என்று ஐந்து பத்திகள் போதும். அரை மணிக்கு ஒரு முறை குறிக்கச் சொல்லுங்கள், முதல் அளவு சரியாக 11.15-க்கு. பிள்ளைகள் எழுதிய தாளையே, திருத்தாமல், நமக்கு அனுப்புங்கள். வரும் தாள்களை நம் டிசம்பர் இதழில் அப்படியே அச்சிடுவோம். நான்காவது கடிதத்தோடு அந்த இதழையும் இணைத்து அனுப்பப் போகிறேன்.