பொறியும் ஆசிரியரும்

கருவியின்றிக் காரியம் கைகூடாதென்பது உண்மையே. ஆயினும், கருவியே காரியத்தை முடித்துவிடுமென்று எண்ணுதல் பேதைமையாம். இதனைத் திருப்பூரார்க்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பனியன் துணி பின்னும் வட்டப் பொறியிலே பலநூறு ஊசிகள் உள. அவற்றுள் ஒன்று ஒடியினும் துணி நெடுகக் கோடு விழும். அதனைக் கண்டு, பொறியை நிறுத்தி, ஊசியை மாற்றுபவன் அருகே நிற்கும் தொழிலாளியே யன்றோ?

இவ்வனுபவத்தை நம் பள்ளிகளுக்கும் பொருத்திக் காண விழைகின்றோம். நம் மாநிலத்தார் 2011 ஆம் ஆண்டில் மேல்நிலை மாணாக்கர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கினர். 2018 இல் புதிய பாடநூல்களிலே கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டு 26 இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. இவை யாவும் போற்றற்குரியனவே.

எனினும், 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது இவற்றின் எல்லை வெளிப்பட்டது. லைன் வீட்டில் வாழும் குடும்பத்திற்குக் கைப்பேசி ஒன்றே. அதுவும் தந்தையோடு கம்பெனிக்குச் சென்றுவிடும். தொலைக்காட்சி பாடஞ் சொல்லும்; ஆனால் மாணவனுக்கு விளங்கிற்றா என்று வினவாது. சிறுவர் சிலர் கைமடி வேலைக்குச் சென்றதும் உண்டு. 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 இல் திறக்கப்பட்டபோது, எழுத்துக் கூட்டவும் மறந்த பிள்ளைகள் பலர் இருந்தனர். அவ்விழப்பை ஈடுசெய்ய அரசினர் நாடியது யாரை? தெருத்தோறும் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பிக்கும் தன்னார்வலரையே. அவ்வாண்டு அக்டோபர் 27 இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டம் அதுவேயாம்.

ஆகவே பொறி வேண்டாவென்று கூறுகின்றோமோ? அன்று. பிழைப்பை நாடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இங்கு வந்தோர் மக்கள் தமிழறியாது வகுப்பில் வாளா அமர்ந்திருக்கின்றனர். அன்னார்க்குத் தாய்மொழியிலும் தமிழிலும் ஒரே சொல்லைச் சலியாது பன்முறை ஒலித்துக் காட்டக் கணிப்பொறி வல்லது. ஆனால் எச்சொல்லை, எப்போது, எப்பிள்ளைக்கு என்று தெரிந்தளிப்பது ஆசிரியர் கடனே. ஆதலின், ஆசிரியர் குறையைப் பொறியால் நிரப்பலாம் என்பார் கூற்றை யாம் ஒப்புகின்றிலோம்.

பிட்டரின்றிப் பின்னற்பொறி வாங்கும் முதலாளி இவ்வூரில் இலர். பள்ளிக்குக் கணிப்பொறி நன்கொடையளிக்கும் நம் பழைய மாணவர், அதனைச் செப்பனிடுவோர்க்குரிய ஆண்டுச் செலவையும், ஆசிரியர் அதனைப் பயிலுதற்குரிய வசதியையும் உடனளிப்பாராக. அஃதின்றேல், பழுதுற்ற கருவி உறையிட்டு மூலையிற் கிடக்க, கொடுத்தவர் பெயர் மட்டுமே சுவரில் விளங்கும்.

மாணவத் தோழர்களே! உங்கள் கையில் கைப்பேசி உண்டு, கல்வியும் உண்டு. வாரத்தில் ஒரு மாலை அருகிலுள்ள தொழிலாளர் குடியிருப்பிற்குச் சென்று, இவ்விரண்டையும் ஒரு பிள்ளையோடு பகிர்ந்துகொள்ளுமாறு வேண்டுகின்றோம். ஊசி ஒடிந்ததைக் காலத்தே கண்டால் துணி பிழைக்கும். பிள்ளை பின்தங்கியதைக் காலத்தே கண்டால் ஒரு குடும்பமே பிழைக்கும்.