ஹெடர் மோகம்: சக்தியா, சத்தமா?

நான்கு சக்கர இயக்கம் கொண்ட பிக்கப் ட்ரக் வாங்கியவர்கள் அதை அப்படியே விட்டுவைப்பதில்லை. முதலில் டயர் மாறும். அடுத்து சஸ்பென்ஷன் இரண்டு அங்குலம் உயரும். பிறகு கூரையில் விளக்கு வரிசை. வெளியில் மாற்ற எதுவும் மிச்சமில்லாதபோது கவனம் பானெட்டுக்குள் திரும்பும். அங்கே ஆசை காட்டிக் காத்திருப்பது எக்ஸாஸ்ட் ஹெடர். பளபளக்கும் ஸ்டீல் குழாய்களைக் காட்டி, சக்தி கூடும், இழுவை கூடும், மைலேஜும் கூடும் என்பார் விற்பவர். மூன்றும் ஒன்றாகக் கூடுவது அபூர்வம். எந்த வண்டியில் எது கூடும் என்று தெரியாமல் வாங்கினால் சத்தம் மட்டுமே கூடும்.

கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் எஞ்சினின் புகையை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட். விலை குறைவு, இடம் அடைக்காது, பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அதன் குட்டையான வழிகளில் ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் புகையோடு முட்டிக்கொள்ளும். ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வந்து கலெக்டரில் சேரும். வேகமாகப் பாயும் புகைக்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு அடுத்த சிலிண்டரில் மிஞ்சியிருக்கும் புகையை உறிஞ்சி இழுக்கிறது. காலியான இடத்தில் புதுக் காற்று கொஞ்சம் கூடுதலாக நுழைகிறது. ஹெடரின் சூட்சுமம் இவ்வளவுதான்.

எஞ்சினுக்குக் கொஞ்சம் 'பேக் பிரஷர்' வேண்டும் என்று பட்டறைகளில் இன்றும் சொல்லக் கேட்கலாம். அது தவறான விளக்கம். வேண்டியது புகையின் வேகம். குழாய் தேவைக்கு மேல் அகலமானால் புகை சோம்பிப்போய் உறிஞ்சும் வேலை நடக்காது. குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும். பெரிய குழாய் போட்டதும் வண்டி மேடேறத் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தியாவில் இந்தக் கதைக்கு ஒரு முக்கியத் திருப்பம் உண்டு. இங்கே தனிப்பட்ட உபயோகத்துக்காக விரும்பி வாங்கப்படும் பிக்கப்கள் டர்போ டீசல். 2016-இல் வந்த இசுசு வி-கிராஸ், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டும் அந்த ரகம். டர்போ எஞ்சினில் புகை வீணாக வெளியேறுவதில்லை. அதன் வெப்பமும் வேகமும்தான் டர்பைனைச் சுழற்றுகின்றன. எஞ்சினுக்கும் டர்போவுக்கும் நடுவே நீளமான குழாய்களைப் போட்டால் வெப்பம் வழியிலேயே கரையும். டர்போ விழித்துக்கொள்ள நேரமாகும். டர்போவுக்குப் பிந்தைய குழாயை மாற்றலாமே என்றால், 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கேற்ற வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியும் கரித்துகள் வடிகட்டியும் அந்தப் பாதையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைக் கழற்றுவது சட்டவிரோதம். தவிர சென்சார்கள் முரண்டு பிடித்து, வண்டி சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆக, டீசல் பிக்கப்காரருக்கு ஹெடர் ஏறக்குறைய தண்டச் செலவு.

அப்படியானால் இது யாருக்கு? டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்காரருக்கு. இந்தியாவில் அதற்குச் சரியான உதாரணம் மாருதி ஜிப்சி. 1985-இல் 970 சி.சி. எஞ்சினோடு வந்தது. 1996-இல் 1.3 லிட்டர் ஜிப்சி கிங் ஆனது. பிறகு எம்.பி.எஃப்.ஐ. வந்தபோது 80 குதிரை சக்தி. பொதுமக்களுக்கான விற்பனை 2019-இல் நின்றுவிட்டாலும் மலை ஊர்களிலும் எஸ்டேட்களிலும் ராலிகளிலும் இன்னும் ஓடுகிறது. பின்பக்கத்து கேன்வாஸைக் கழற்றிவிட்டால் அதுவும் ஒரு குட்டி பிக்கப்தான். அதன் சிறிய எஞ்சினில் நல்ல ஹெடர் செய்யும் வித்தியாசத்தை ஓட்டுபவரால் உணர முடியும். ஆனால் கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது: 5 சதவீதம் கூடினாலும் கிடைப்பது நான்கு குதிரைதான்.

எந்த ஹெடர் என்பது ஓட்டும் விதத்தைப் பொறுத்தது. நான்கு குழாய்களும் நேராக ஒன்றில் சேரும் '4-1' ரகம் உயர்ந்த ஆர்.பி.எம்.மில் சக்தி தரும். எஞ்சினைக் கதறவிட்டு ஓட்டும் ராலி டிரைவருக்கு ஏற்றது. நான்கு இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் '4-2-1' ரகம் குறைந்த, நடுத்தர வேகத்தில் இழுவை தரும். பாறையிலும் சேற்றிலும் ஊர்ந்து ஏறுகிறவருக்கு இதுவே பொருத்தம். கடைக்காரர் கையிருப்பில் இருப்பதைத் தள்ளிவிடப் பார்ப்பார். வாங்குபவர்தான் தன் ஆர்.பி.எம்.மைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நான்கு சக்கர இயக்க வண்டிகளில் இன்னொரு சிக்கல் இடம். முன் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்டீயரிங் தண்டு, ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக் குழாய் எல்லாம் அருகருகே இருக்கும். நீளமான குழாய்கள் இவற்றைச் சுட்டுவிடலாம். வண்டிக்கு அடியில் தொங்கினால் முதல் பாறையே நசுக்கும். காய்ந்த புல்வெளியில் நிறுத்தினால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. எனவே காட்டுப் பாதைக்குப் போகும் வண்டிக்குக் குட்டை ஹெடரே பத்திரம்.

உலோகத்தில் சிக்கனம் பார்த்தால் பிறகு வருந்த வேண்டியிருக்கும். சாதாரண மைல்ட் ஸ்டீல் மலிவு. ஆனால் சென்னை, கொச்சி, கோவா மாதிரி கடலோர ஊர்களில் துரு சீக்கிரம் பிடிக்கும். வெப்பம் தாங்க அதன்மேல் துணிப்பட்டை சுற்றினால் ஈரம் உள்ளே தங்கி இன்னும் வேகமாக அரிக்கும். 304 ரக ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது. ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அதற்கு இடம்கொடுக்கும் இணைப்பு இல்லாவிட்டால் வெல்டிங்கில் விரிசல் விழும். கொதிக்கும் குழாயோடு குளிர்ந்த ஓடையில் இறங்கும் வண்டிகளில் இந்த ஆபத்து அதிகம். எஞ்சினோடு பொருந்தும் ஃபிளாஞ்ச் தகடு கனமாக, சுமார் 10 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். மெல்லிய தகடு வளைந்து புகை கசியும்.

கசிவு வெறும் சத்தப் பிரச்னை அல்ல. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். எரிபொருள் போதவில்லை என்று கம்ப்யூட்டர் தப்பாக நினைத்துக் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். மைலேஜுக்காக வாங்கிய ஹெடர் மைலேஜையே தின்னும். புது கேஸ்கெட் போடுவதும், சில நாள் ஓடிய பின் போல்ட்டுகளை மறுபடி முறுக்குவதும் அவசியம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டால், இணைப்பில் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. வண்டி தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக மாற்றங்கள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒலி, புகை வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். லைசென்சும் மூன்று மாதம் முடங்கும். அமெரிக்காவில், சோதித்து ஏற்கப்பட்ட உதிரி பாகங்களுக்குக் கலிஃபோர்னியா காற்று வள வாரியம் எண் வழங்குகிறது. அந்த எண் அச்சிட்ட இறக்குமதி ஹெடரைக் காட்டி விற்பார்கள், இந்திய ஆர்.டி.ஓ. முன் அதற்கு மதிப்பில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்து நேரத்தில் வழக்காக மாறலாம்.

பழைய வண்டி மூச்சு முட்டுகிறது என்பதற்காகவே பலர் ஹெடர் தேடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை சில: ஏர் ஃபில்டரை மாற்றுவது, டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்வது, கம்ப்ரஷன் சோதிப்பது, வினையூக்கி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. லடாக் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். 5,000 மீட்டருக்கு மேலான கணவாய்களில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். இல்லாத காற்றை எந்தக் குழாயும் இழுத்துத் தராது. பல வண்டிகளில் இழந்த குதிரைகள் ஒரு நல்ல சர்வீஸிலேயே திரும்பி வந்துவிடும். அப்போது ஹெடருக்கு வைத்த பணம் டீசலுக்கோ பெட்ரோலுக்கோ ஆகும்.