இரண்டு ரூபாய்ச் சூது

இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை அடியோடு தடுக்கும் சட்டமொன்றை இந்தியப் பார்லிமெண்டு 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நிறைவேற்றியது. ராஷ்டிரபதியின் சம்மதமும் அம்மாதம் 22-ந் தேதியே கிடைத்தது. திறமையால் ஜெயிக்கும் ஆட்டமாயினும் சரி, அதிர்ஷ்டத்தால் ஜெயிக்கும் ஆட்டமாயினும் சரி, பணம் கட்டி ஆடுவதாயின் அதை நடத்துவோருக்கு மூன்று வருஷம் வரையில் சிறைவாசமும் ஒரு கோடி ரூபாய் வரையில் அபராதமும் விதிக்க அச்சட்டம் இடங்கொடுக்கிறது. ஆடுகிறவனை அது தண்டிக்கவில்லை. ரம்மியும் போக்கரும் நடத்திவந்த பெரிய கம்பெனிகள் சில தினங்களுக்குள்ளேயே தங்கள் மேசைகளை மடக்கிவிட்டன.

லட்சக்கணக்கில் தோற்று, குடும்பத்தைக் கடனில் தள்ளி, உயிரையும் மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைத் தமிழ்நாட்டார் பல வருஷங்களாகப் பத்திரிகைகளில் படித்து மனம் நொந்திருக்கிறார்கள். ஆகையால் அச்சட்டத்தைப் பொதுவாக ஜனங்கள் வரவேற்றதில் வியப்பில்லை. ஆனால் நம்மிடம் வந்த நண்பரொருவர், "நான் ஆடியதெல்லாம் இரண்டு ரூபாய்ப் போக்கர். அதற்கும் ஒரு பார்லிமெண்டுச் சட்டமா?" என்று கேட்டார். கேள்வி அற்பமானதன்று. பெரும் பந்தயம் வைத்து அழிந்தவனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சில்லறைப் பந்தயம் வைத்து அழியாமலே இருப்பவனைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அவன் தொகையோ பெரிது. படித்தவன், உத்தியோகமோ தொழிலோ உள்ளவன், பொதுக் காரியங்களில் சிரத்தையுள்ளவன். தன்னைச் சூதாடியென்று ஒருநாளும் எண்ணாதவன். இன்று அவனைப்பற்றியே எழுதப் புகுந்தோம்.

உயர்ந்த ஆசனத்திலிருந்து உபதேசம் செய்ய நமக்கு யோக்கியதையில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறோம். 2024-ம் வருஷத்தில் எட்டு மாதம் நாமும் அம்மேசையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கட்டாயப் பந்தயமுள்ள ஆறு பேர் மேசை. கையில் 200 ரூபாய் வைத்துக்கொண்டு உட்காருவோம். வக்கீல் தொழிலின் பழக்கத்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியையும், நேரத்தையும், வரவு செலவையும் குறித்து வந்தோம். முதல் இரண்டு மாதம் வரவு அதிகமாயிருந்தது. அதை நமது புத்தியின் பலன் என்று எண்ணினோம். அடுத்த மூன்று மாதம் செலவு அதிகமாயிருந்தது. அதைச் சீட்டின் கோளாறு என்று எண்ணினோம். ஜெயித்தால் திறமை, தோற்றால் விதி! கோர்ட்டில் எதிர்க்கட்சிக்காரன் இப்படி இரண்டு நாக்கால் பேசினால் நாம் விட்டிருப்போமா?

ஒருநாள் இரவு ஒரு மணிக்கு நமக்கு இரண்டு ஏஸ் வந்தன. 52 சீட்டில் இரண்டை எடுத்தால் இரண்டும் ஏஸாக இருப்பது 221 தடவையில் ஒரு தடவை. எதிரியிடம் இரண்டு ராஜா. இருவரும் கையிலுள்ள பணம் முழுவதையும் வைத்தோம். அந்நிலையில் ஏஸ் வைத்திருப்பவன் நூற்றுக்கு ஏறக்குறைய 82 தடவை ஜெயிக்கவேண்டும். கடைசிச் சீட்டில் மூன்றாவது ராஜா வந்து விழுந்தது. நாம் தோற்றோம். தவறு எதுவும் செய்யாமலே தோற்றோம் என்ற எண்ணந்தான் மனிதனைப் பிடித்து ஆட்டுவது. மறுபடி 200 ரூபாய் கட்டினோம். அதற்குள் தலையங்கப் பக்கத்தின் அச்சுப்படியைப் பற்றிக் கேட்க உதவியாசிரியர் இரண்டு தடவை டெலிபோனில் கூப்பிட்டிருந்தார், நாம் எடுக்கவில்லை. பிறகு அவசரமாகப் பார்வையிட்டு அனுப்பினோம். மறுநாட் காலையில், பஞ்சாயத்து நிதியைப் பற்றிய நமது கட்டுரையில் லட்சம் என்று இருக்கவேண்டிய இடத்தில் கோடி என்று இருந்தது. அதற்கடுத்த நாள் திருத்தம் வெளியிட்டோம். திருத்தத்திற்குக் காரணம் இன்னதென்று அன்று எழுதவில்லை, இன்று எழுதுகிறோம்.

எட்டு மாத முடிவில் நோட்டுப் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தோம். வரியைச் சேர்க்காமல் நஷ்டம் 3,140 ரூபாய். செலவான நேரம் 410 மணி. மூவாயிரம் ரூபாயால் நாம் ஏழையாகிவிடவில்லை. ஆனால் 410 மணியை எந்தக் கணக்கில் எழுதுவது? படிக்காமல் வைத்த புத்தகங்கள், பதில் எழுதாத கடிதங்கள், போகாமல் விட்ட கூட்டங்கள் எல்லாம் அந்தப் பத்தியில்தான் இருக்கின்றன.

"ஆட்டம் நன்றாகத் தெரிந்தவனுக்கு இப்படி நேராது" என்பார்கள். தெரிந்தவனுடைய கணக்கையே பார்ப்போம். இத்தகைய மேசையில் நூறு ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கிறவன் நல்ல ஆட்டக்காரன். மணிக்கு 60 ஆட்டம் நடந்தால் அவனுடைய சம்பாத்தியம் மணிக்கு ஆறு ரூபாய். 10,000 ஆட்டம், அதாவது 166 மணி நேரம், ஆடினால் அவனுக்கு வரவேண்டியது 1,000 ரூபாய். ஆனால் அத்தனை ஆட்டத்தில் சீட்டின் போக்கினால் மட்டும் 1,800 ரூபாய் வரையில் மேலும் கீழும் ஏறியிறங்குவது சாதாரணம். எனவே உண்மையிலேயே கெட்டிக்காரனான ஒருவன் 166 மணி நேரம் பிழையின்றி ஆடிய பிறகும், பத்தில் ஏறக்குறைய மூன்று தடவை நஷ்டத்தோடுதான் எழுந்திருப்பான். அதே கணக்கின்படி மோசமான ஆட்டக்காரன் சில மாதம் லாபத்தோடு உலாவவும் கூடும். தான் கெட்டிக்காரனா, மோசக்காரனா என்பதை எவனும் சீக்கிரத்தில் அறியமுடியாத இடம் அது. நமது 410 மணியில் சுமார் 24,600 ஆட்டம் ஆடியிருப்போம். அத்தனை ஆடியும் நமக்கு ஆட்டம் தெரியுமா தெரியாதா என்பதை அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இந்தச் சந்தேகமே அவ்வியாபாரத்தின் மூலதனம். தோற்பவன் ஒவ்வொருவனும், அடுத்த வாரம் சீட்டுத் திரும்பும் என்று நம்ப நியாயமான காரணம் வைத்திருக்கிறான்.

மேசையில் சந்தேகமே இல்லாத ஓர் ஆசாமி உண்டு. அவர் சீட்டைத் தொடுவதில்லை, பந்தயமும் வைப்பதில்லை. நடுவில் சேரும் பணத்தில் ஒரு பங்கை ஒவ்வோர் ஆட்டத்திலும் எடுத்துக்கொள்ளுகிறார். பெரும்பாலும் அது நூற்றுக்கு ஐந்து அளவில் இருக்கும். ஐந்து சதவிகிதந்தானே என்று தோன்றும். ஆறு பேர் தலைக்கு 200 வீதம் 1,200 ரூபாயோடு உட்காருகிறார்கள். சராசரியாக ஓர் ஆட்டத்தில் 20 ரூபாய் நடுவில் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியின் பங்கு ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். மணிக்கு 60 ரூபாய். புதுப் பணம் வராவிட்டால் இருபது மணி நேரத்தில் 1,200 ரூபாயும் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்துவிடும். ஆறு பேரும் வெறுங்கையோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ வியாபாரிகள் எடுத்து வைத்த மகமையைப் போன்றதன்று இது. தலைக்கு மணிக்குப் பத்து ரூபாய் வீதம் நாம் அம்மேசைக்குச் செலுத்திய கூலி சுமார் 4,100 ரூபாய். அந்தக் கூலி இல்லாதிருந்தால் நமது புத்தகம் 3,140 நஷ்டத்துக்குப் பதில் 960 லாபம் காட்டியிருக்கும்! நம்மைத் தோற்கடித்தவர் ராஜா வைத்திருந்த எதிரியல்லர்; அவரும் நம்மைப்போல் கூலி கட்டிக்கொண்டிருந்த ஒரு பேதைதான்.

சர்க்காரும் அக்காலத்தில் சும்மா இருக்கவில்லை. 2023-ம் வருஷம் ஏப்ரல் முதல் நிகர லாபத்தில் நூற்றுக்கு 30 வருமான வரியாகப் பிடிக்கப்பட்டது. அவ்வருஷம் அக்டோபர் முதல், ஆட்டத்துக்காகக் கட்டும் முழுத் தொகையின்மேலும் நூற்றுக்கு 28 வரி விதிக்கப்பட்டது. இரண்டு வருஷம் வரி வாங்கியபின் அதே தொழில் சமூகத்துக்குக் கேடு என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தது நன்றே, ஆனால் மிகவும் தாமதித்துக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லாமலிருக்க முடியவில்லை.

இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் என்ன? திறமையா, அதிர்ஷ்டமா என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் தொங்கியதே காரணம் என்பது நமது அபிப்பிராயம். ஸெகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடப்படுவது என்று 1967-ல் ஸுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பளித்தது. அதைப் பற்றிக்கொண்டு கம்பெனிகள் அரை நூற்றாண்டுக்குப் பின் பெரிய மாளிகையே கட்டின. தமிழ்நாட்டுச் சர்க்கார் கொண்டுவந்த தடையைச் சென்னை ஹைக்கோர்ட்டு 2021-ம் வருஷம் ஆகஸ்டில் தள்ளிவிட்டது. நீதிபதி சந்துரு கமிட்டியின் அறிக்கைக்குப் பின் 2022-ல் இயற்றப்பட்ட சட்டம் செல்லுமென்று 2023-ம் வருஷம் நவம்பரில் அதே கோர்ட்டு சொல்லிற்று. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது செல்லாதென்று நீக்கிவிட்டது. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரையில் பணம் வைத்து ஆடலாகாது என்ற தமிழ்நாட்டு விதியை அக்கோர்ட்டு 2025-ம் வருஷம் ஜூனில் ஆமோதித்தது. ஒரு வருஷம் முன்னதாக அவ்விதி வந்திருக்குமாயின் நமது பஞ்சாயத்துக் கட்டுரையில் கோடி லட்சமாகவே நின்றிருக்கும்.

1967-ம் வருஷத் தீர்ப்பில், கம்பெனிகளின் வக்கீல்கள் உரக்கப் படிக்காத பாகம் ஒன்றுண்டு. கிளப்பையோ வீட்டையோ நடத்துகிறவர் பந்தய ஆட்டத்தினின்று லாபம் அடைகிறார் என்பதற்குச் சாட்சியமிருந்தால் குற்றம் ஏற்படக்கூடும் என்றும் அதே தீர்ப்புக் கூறுகிறது. கேட்கவேண்டிய கேள்வி அதுவே. போக்கரில் திறமை இல்லையென்று நாம் சொல்லவில்லை, உண்டு. அத்திறமையைக் காட்ட நினைப்பவர்களிடம் மணிக்கணக்காகக் கூலி வாங்கிக்கொண்டு பிழைப்பவர் யார்? ஆட்டக்காரர்கள் ஆயிரமாயிரம் பேர் ஏறியிறங்க, ஒருநாளும் இறங்காமல் ஏறிக்கொண்டே போகிறவர் யார்? விளையாட்டு, வியாபாரமாவது அவ்விடத்தில்தான். வள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்தார். அது பாபமா என்ற விசாரணைக்கு முன், அது பொருளையும் அரசையும் என்ன செய்கிறது என்ற விசாரணை வேண்டும் என்பதை அந்த ஏற்பாடு நமக்கு நினைவூட்டுகிறது.

இதற்கு எதிர்வாதம் இல்லாமலில்லை. வயது வந்தவன் தன் இரண்டு ரூபாயைத் தன் இஷ்டப்படி செலவழிக்கச் சுதந்திரமில்லையா என்று கேட்கிறார்கள். மதுக்கடையைத் தானே நடத்தும் ஒரு சர்க்கார், சீட்டுக்கட்டைக் கண்டு பதறுவது பொருந்துமா என்றும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குச் சர்க்காரே பதில் சொல்லட்டும். அவர்களுக்காக வாதாட நாம் வக்காலத்து வாங்கவில்லை. முதற் கேள்விக்கு நமது பதில் இது: நண்பர்கள் நால்வர் திண்ணையில் உட்கார்ந்து சில்லறை வைத்து ஆடினால், அதில் ஒருவன் இழந்தது மற்றொருவனிடம் இருக்கும், விளக்கணைக்கும் நேரமும் வரும். கைப்பேசியில் இருக்கும் மேசைக்கு விளக்கணைப்பில்லை. எழுந்திரு என்று சொல்ல வீட்டுக்கிழவியில்லை. எதிரே இருப்பவன் முகமும் தெரியாது. அவ்விடத்தில் சுதந்திரம் என்பது ஆடுகிறவனைக் காட்டிலும் கூலி வாங்குகிறவனுக்கே உதவுகிறது.

ஆயினும் சட்டம் ஒன்றே போதுமென்று எண்ணி இருந்துவிடக்கூடாது. உள்நாட்டுக் கம்பெனி மேசையை மடக்கினால், கடலுக்கு அப்பாலிருந்து ஒருவன் மேசை விரிப்பான். அவனிடம் கட்டும் பணத்துக்கு வரவுச் சீட்டும் இல்லை. ஏமாந்தால் முறையிடக் கோர்ட்டும் இல்லை. ஆடுகிறவனைத் தண்டிக்காமல் விட்டது சட்டத்தின் நல்ல அம்சம். அதனாலேயே தன்னைத் தடுத்துக்கொள்ளும் பொறுப்பு அவனிடம் வந்து சேருகிறது.

நமது நேயர்களில் இன்னும் அப்பழக்கத்தை விடாதவர்களுக்கு ஒரு யோசனை கூறுகிறோம். இன்றிரவு முதல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். தேதி, மணி, பணம் ஆகியவற்றுக்கு மூன்று; அந்த நேரத்தில் நடந்திருக்கவேண்டிய காரியம் எது என்பதற்கு நான்காவது. ஒரு மாதம் பொய்யில்லாமல் எழுதுங்கள். பணத்தின் பத்தி ஏறும், இறங்கும். அதைக் கண்டு சந்தோஷமும் வேண்டாம், துக்கமும் வேண்டாம். நான்காவது பத்தியை மட்டும் மாதக் கடைசியில் வீட்டாரில் ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

நாம் அப்படிப் படித்த இரவில், கேட்டுக்கொண்டிருந்தவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் நாம் மேசைக்குப் போகவில்லை. கேள்வி கேட்ட நண்பருக்கும் அதையே பதிலாகச் சொன்னோம். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் போகும்போது நம்மிடம் வெற்று நோட்டுப் புத்தகம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.