சுரங்கத்துக்கு இருந்த விதி ஊருக்கும் வேண்டும்: கோலார் தங்கவயலிலிருந்து ஒரு கொள்கைப் பிரகடனம்

சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், உரிகம், கோரமண்டல், ஆண்டர்சன்பேட்டை லைன்களில், அதாவது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில், வாழும் நாங்கள் ஓர் இயக்கமாகக் கூடியிருக்கிறோம். எங்களில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள், விடியுமுன் ரயிலேறி பெங்களூரில் உழைத்துவிட்டு இருட்டிய பின் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயருக்கும் பதவிக்கும் அடித்துக்கொண்டு சங்கங்கள் உடைந்ததை நிறையவே பார்த்துவிட்டோம். வேலை முதலில் தொடங்கட்டும்.

எங்கள் கோரிக்கை இதுதான். ஒரு கட்டுமானம் இடிந்து உயிர் போனால், அடுத்து நடக்கவேண்டியது எந்த அதிகாரியின் மனம்போலவும், எந்த அமைச்சரின் பயணத் திட்டப்படியும் நடக்கக்கூடாது. சுரங்கத்தில் அதற்கு விதி இருந்தது. அதே விதியைப் பாலத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் கேட்கிறோம்.

‘ஏர்பிளாஸ்ட்’ என்றால் இங்கே வயதானவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தாது வெட்டிய வெற்றிடத்தைச் சுற்றி அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஒரு நொடியில் பாறை வெடித்துச் சிதறும். மேலே லைன் வீட்டில் அலமாரிப் பாத்திரங்கள் உருண்டு விழும். அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்டின் வாசலுக்கு ஓடுவார்கள். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வரும்வரை போனது யார் வீட்டு ஆள் என்று தெரியாது. மரத்தூண் தாங்காத இடத்தில் கருங்கல் சுவர் வைத்துப் பார்த்தார்கள். பிறகு கான்கிரீட் நிரப்பினார்கள். பாறையின் அசைவை அறியக் கருவிகள் பதித்தார்கள். 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டதும் இந்த ஊரில்தான். நாட்டின் அணைகளுக்கும் சுரங்கப்பாதைகளுக்கும் ஆலோசனை சொல்லும் அந்த அறிவுக்கு முதல் போட்டவை எங்கள் வீட்டுச் சாவுகள். அதனால் இதைக் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று நினைக்கிறோம்.

1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் என்ன சொன்னது? உயிர் போன இடத்தை ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை கலைக்கக்கூடாது. ஆளை மீட்கவும், உடலை எடுக்கவும், இன்னொரு விபத்தைத் தடுக்கவும் கைவைக்கலாம். 72 மணி நேரத்துக்குள் அவர் வராவிட்டால் வேலையைத் தொடரலாம். எந்த நேரத்தில் யார் யார் கீழே இருக்கிறார்கள் என்று காட்டும் பதிவேடு இருந்தாகவேண்டும். விசாரணை நீதிமன்றம் அமைத்தால் அதன் அறிக்கையை அரசு வெளியிட்டே தீரவேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தன என்று சொல்ல வரவில்லை. நடக்காதபோது சண்டை பிடிக்க ஒரு பிடி இருந்தது. அந்தச் சட்டத்தை 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் அடக்கிவிட்டார்கள். பழைய பிடி அதில் தளராமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் வேலை.

பாலத்துக்கு அப்படி ஒரு பிடி இல்லை. குஜராத்தின் மோர்பியில் 2022 அக்டோபர் 30 அன்று தொங்கு பாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். மறுநாளே கைதானவர்களில் டிக்கெட் கொடுத்தவர்களும் காவலாளிகளும் இருந்தார்கள். பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் தலைவர் நீதிமன்றத்தில் சரணடைந்தது 2023 ஜனவரி கடைசியில். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் அவர்களில் பலர். அப்படிப்பட்ட இடத்தில் முதல் கேள்வி, உள்ளே எத்தனை பேர் என்பது. அதற்கு விடை சொல்லும் நோட்டு மேஸ்திரியின் சட்டைப்பையில் இருக்கக்கூடாது.

ஆளை எண்ணத் தெரியாதவர்கள் அல்ல முதலாளிகள். ஒப்பந்தத் தொழிலாளர்களின் விரல்ரேகையை எடுத்தே தீருவோம் என்று நிர்வாகம் நின்றதால்தான் 1930-ல் இங்கே வேலைநிறுத்தம் வெடித்தது. அன்று அடக்கி வைக்க எண்ணினார்கள். காப்பாற்றவும் எண்ணுங்கள் என்கிறோம்.

இனி எங்கள் ஊர்க் கதை. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. 1956-ல் சுரங்கம் மைசூர் அரசின் கைக்கு வந்தது. 1962-ல் மத்திய அரசுக்குப் போனது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. கை மாறியதே தவிர, குழி அங்கேயேதான் இருக்கிறது. 2020 மே மாதம் மாரிக்குப்பத்தில் மூடிய சுரங்கத்துக்குள் இறங்கிய மூவர் இறந்தார்கள். ஊரடங்குக் காலம், பெங்களூரு ரயில் மார்ச்சிலிருந்தே ஓடவில்லை. ‘திருடப் போனவன்தானே’ என்று எங்கள் தெருவிலேயே பேசினார்கள். திருட்டுக்குச் சட்டம் இருக்கிறது, அதில் மரண தண்டனை இல்லை. இறங்கினவன் ஏன் இறங்கினான் என்பதைக் கடைசியில் கேட்கலாம். சுரங்க வாயை அடைத்து வேலி போடும் கடமை யாருடையது, போட்ட வேலியைக் கடைசியாகப் பார்த்த அதிகாரி யார், எந்தத் தேதியில் என்பவை முதலில் கேட்கவேண்டியவை. எந்த விபத்திலும் எங்கள் விசாரணை இந்த வரிசையில்தான் போகும்.

எங்களுக்கும் சில கட்டுப்பாடுகள் விதித்துக்கொள்கிறோம். விழுந்தவனைத் தூக்க வெறுங்கையோடு யாரும் குழிக்குள் இறங்கமாட்டோம். பழைய ஷாஃப்டில் மூச்சுக்குக் காற்றிருக்காது. ஒருவனைத் தேடி இன்னொருவன் போய் இரண்டு பிணமாவது சுரங்க ஊரில் எல்லோருக்கும் தெரியும். உறுதியாகாத சாவுக் கணக்கைச் சொல்லமாட்டோம். இறந்தவர் முகத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர் உறுப்பினராக இருக்கமுடியாது. பழி எங்கே என்று தெரியுமுன் எந்த என்ஜினீயரின் வீட்டு முன்னாலும் கூட்டம் சேர்க்கமாட்டோம். நிவாரணக் காசோலையை மேடையில் வைத்துத் தரும் விழாவுக்கும் போகமாட்டோம்.

இப்போதே ஏன் தொடங்குகிறோம் என்றால், தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண்ணான சயனைடு மேடுகளுக்காகத்தான். 13 மேடுகள், ஏறத்தாழ 1,003 ஏக்கர், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் மண். அதிலிருந்து மறுபடி தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? ஆனால் வேல்ஸ் நாட்டு அபர்ஃபான் ஊரையும் நினைத்துப் பார்க்கிறோம். அங்கே ஊற்றுநீரின் மேல் கொட்டிய நிலக்கரிக் கழிவு மேடு 1966 அக்டோபர் 21 அன்று சரிந்து 144 பேரை மூடியது. 116 பேர் குழந்தைகள். முன்பே எச்சரித்திருந்தார்கள். பழி நிலக்கரி வாரியத்தின்மேல் என்று விசாரணை சொன்னது, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. மிச்ச மேடுகளை அகற்றும் செலவுக்கு, இறந்த பிள்ளைகளின் பெயரில் வந்த நன்கொடையிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்தார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க 1997 ஆகிவிட்டது. எங்கள் மேடு வேறு வகை. அரைத்த மாவு போன்ற மண். மழையில் அரித்து வழிகிறது, காற்றில் சோற்றுத் தட்டுவரை வருகிறது. எங்கள் ஊர்ப் பெயரில் வந்த சினிமாவைப் பார்த்துவிட்டு அதன்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். முதல் லாரி மண்ணைத் தொடுமுன், சரிவைச் சோதித்த அறிக்கையைத் தமிழிலும் கன்னடத்திலும் ஒவ்வொரு லைனிலும் ஒட்டவேண்டும். விபத்து நேர்ந்தால் செலவு ஒப்பந்தக்காரருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கவேண்டும்.

இயக்கத்துக்கு ஒவ்வொரு லைனிலிருந்தும் இருவர் வரவேண்டும். அதில் ஒருவர் பெண். கட்சிக்காரர் வரலாம், கொடி வரக்கூடாது. முதல் வேலை, புதர் மூடிக் கிடக்கும் ஷாஃப்ட் வாய்களைப் பழைய தொழிலாளர்களோடு நடந்துபோய்க் கண்டு வரைபடத்தில் குறிப்பது. எதற்கு வேலி இருக்கிறது, எதற்கு இல்லை என்று எழுதி, கன்னடப் பிரதியோடு கோலார் மாவட்ட ஆட்சியர் (டி.சி.) அலுவலகத்தில் கொடுத்து முத்திரையிட்ட ரசீது வாங்குவது.