கோவிவன் எடை என்ன?

இந்த வாரம் முழுக்க எனக்குக் கோபம். பக்கத்து வீட்டுத் தம்பி கைப்பேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டினார். தேநீர்க் கோப்பைக்குள் ஒரு பொமரேனியன் குட்டி, தலை மட்டும் வெளியே. "அண்ணே, ரெண்டு மாசக் குட்டியாம். அரைக் கிலோகூட இல்ல. இதுக்கு மேல வளராதுங்கிறான். பாப்பா ஒரே பிடிவாதமா நிக்கிறா. வாங்கலாமா?" விலையைக் கேட்டேன். தம்பியின் இரண்டு மாதச் சம்பளம். சாதாரணக் குட்டியைவிட அவ்வளவு கூடுதல் எதற்கு என்றால், சிறியதாக இருப்பதற்கு!

வாங்காதீர்கள் என்றேன்.

'டீகப்' என்று ஓர் இனமே கிடையாது. அது விற்பவர்கள் வைத்த பெயர். அமெரிக்கக் கென்னல் கிளப்பின் அளவுப்படி வளர்ந்த பொமரேனியன் 1.4 முதல் 3.2 கிலோ வரை இருக்கும். அதுவே மடியில் அடங்கும் நாய்தான். அதையும் சுருக்குவதற்காக ஓர் ஈற்றில் நோஞ்சானாகப் பிறந்ததை இன்னொரு நோஞ்சானோடு சேர்க்கிறார்கள். வேறு சிலர் குட்டியின் வயதைக் கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டிய உயிரை முன்பே பிரித்து, பொடிசாக இருக்கும்போதே படம் பிடித்து விற்றுவிடுகிறார்கள்.

அந்த உடம்பில் சேமிப்பு என்று எதுவும் இல்லை. ஒரு வேளை சாப்பாடு தவறினால் போதும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், வலிப்பு வரும், உயிரே போகலாம். உச்சிக்குழி மூடாத குட்டிகள் உண்டு. மூளைக்குள் நீர் கோத்துக்கொண்டவையும் உண்டு. முழங்கால் சில்லு நழுவும். சோபாவிலிருந்து குதித்தால் முன்னங்கால் முறியும். ஐந்து வயதுப் பிள்ளை ஆசையாகத் தூக்கிக் கை நழுவவிட்டால் என்ன ஆகும்? நள்ளிரவில் வலிப்பு வந்தால், நாங்கள் இருக்கும் மெர்சிங்கிலிருந்து மருத்துவரைத் தேடி ஜொகூர் பாரு போக ஏறத்தாழ 130 கிலோமீட்டர். வடகிழக்குப் பருவமழையில் கோத்தா திங்கி சாலையில் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த வழியும் இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தம்பி சொன்னார்: "அப்போ எதைத்தான்ணே நல்ல நாய்ங்கிறது?"

என் கை எந்தப் புத்தகத்துக்குப் போயிருக்கும் என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். 'செங்கம் நடுகற்கள்'. இரா. நாகசாமி காலத்தில் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை வெளியிட்ட நூல். அதில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்க் கல்லின் முன்னால். முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், வட்டெழுத்தில் வெட்டியது. ஏறத்தாழ 1400 ஆண்டுப் பழமை. எருமை மந்தைக்காக உயிரை விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரன் அந்தக் கல்லில் நிற்கிறான். கூடவே ஒரு நாய். அதற்கும் தனியாக எழுதியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்தது, காத்து நின்றது என்று.

கடித்ததோடு நிறுத்தியிருக்கலாம். காத்து நின்றதையும் விடாமல் பொறித்த அந்த மனத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. மன்னர்களின் பட்டங்களைக் கல்லில் வெட்டிய காலம் அது. மந்தை காத்த ஒரு நாயின் பெயரும் அந்தக் காலத்துக் கல்லில்தான் இருக்கிறது. அதன் நிறத்தையோ இனத்தையோ எடையையோ யாரும் குறிக்கவில்லை.

நம் மலேசிய ரப்பர்த் தோட்டங்களிலும் கோவிவன்கள் இருந்தன. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், கறுப்பன். அப்பா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பும்போதே எழுந்து முன்னால் ஓடும். ரப்பர் நிரையில் பாம்பு கிடந்தால் குரைத்து நிறுத்தும். காட்டுப்பன்றி வந்தால் அப்பாவுக்கும் அதற்கும் நடுவில் போய் நிற்கும். பால் நிறுத்துவிட்டு அவர் வீடு திரும்பும் வரை வேறு யார் கூப்பிட்டாலும் வராது. எந்தத் தோட்டத்துப் பழைய ஆளிடம் கேட்டாலும் இப்படி ஒரு நாயின் கதை இருக்கும். பிற்பாடு தோட்டங்கள் கைமாறின, லயங்கள் இடிபட்டன, சனங்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். அங்கே நாய்க்கு இடம் இல்லை. எத்தனையோ கறுப்பன்கள் இடிந்த வாசலிலேயே நின்றுவிட்டன. தோட்ட வாழ்க்கையைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறோம். ரயில் ஏறியது, கப்பல் ஏறியது, சங்கம் வைத்தது எல்லாம் இருக்கிறது. இந்த நாய்களைப் பற்றி நான் படித்தது மிகக் குறைவு. தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை போய்விட்டால் பெயர்களும் கூடவே போய்விடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா யாராவது தோட்டத்தில் நாய் வளர்த்திருந்தால், இந்த வாரமே அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். நாயின் பெயர், தோட்டத்தின் பெயர், அது செய்த ஒரு காரியம், இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். வருகிறவற்றுக்கு அடுத்த வாரம் இந்த இடம் முழுவதையும் தருகிறேன்.